அர்ஜி அக்காவும் மூன்று அடியும்

பிள்ளைகளே, எங்கள் ஜோகுபாளையத்துச் சந்தில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு மாடு படுத்திருந்தால் மற்றவர்கள் என்ன செய்வோம் தெரியுமா? "ஹேய், ஹேய்" என்று அதட்டுவோம். கையைத் தட்டுவோம். மாடு காதை மட்டும் ஆட்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அம்மா, அந்தாண்ட போவணும். அனுமதி உண்டா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நகராமல் நிற்பார். மாடு அவரைப் பார்க்கும். அவர் மாட்டைப் பார்ப்பார். கடைசியில் மாடுதான் பெருமூச்சு விட்டு எழுந்து போகும்.

ஆபீசர்களும் அப்படித்தான் எழுந்து போவார்கள் என்பதை நான் பிறகு பார்த்தேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் சந்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. அர்ஜி அக்கா என்றுதான் சொல்வோம். கன்னடத்தில் விண்ணப்பத்துக்கு அர்ஜி என்று பெயர், எங்கள் ஊர்த் தமிழிலும் அதேதான். எதைச் செய்வதாக இருந்தாலும் அவர் முதலில் அனுமதி கேட்பார். முடிந்தால் அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதியே கேட்பார். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் அட்டெண்டராக இருந்தவர். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நடந்து நடந்தே தமிழ், கன்னடம் இரண்டிலும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். மேஜைக்கு எதிரே நின்றபடி தலைகீழாகத் தெரியும் காகிதத்தைக்கூடப் படித்துவிடுவார். இது சாதாரண வித்தை இல்லை. நான் முயற்சி செய்து பார்த்தேன், கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

அவர் அனுமதி கேட்பதைப் பார்த்தால் பயந்த சுபாவம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரேஷன் கடையில் ஒருநாள் அந்த நினைப்பு போயிற்று.

கடைக்காரர் ஒரு தகர டப்பாவில் அரிசியை அள்ளி, டப்பாவோடு தராசில் வைத்து நிறுத்தார். பிறகு அரிசியை மட்டும் அக்காவின் பையில் கொட்டினார். எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் கொட்டுவார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வருவோம். அக்கா பையைக் கட்டவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்க அனுமதி உண்டா?"

"கேளுங்கக்கா, சீக்கிரம். கியூ நிக்குது."

"அந்த டப்பாவையும் நான் எடுத்துகினு போவ அனுமதி உண்டா?"

"டப்பாவா? டப்பா எதுக்கு உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? ஆனா அதையும் சேத்துத்தானே எனக்கு நிறுத்தீங்க."

கியூவில் பின்னால் நின்ற கடைசி ஆள் வரைக்கும் சிரிப்பு போய்த் திரும்பி வந்தது. கடைக்காரர் இன்னும் இரண்டு கை அரிசி அள்ளிப் போட்டார். அக்கா, "ரொம்ப நன்றிண்ணா" என்று மனசாரச் சொன்னார். அதில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒருநாள் காலையில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை. எங்களுக்குத் தெரியாமல் அக்காவிடம் போய், "அத்தை, எனக்கு ஜுரம், லீவு லெட்டர் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அக்கா அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"சுடலையே கண்ணு."

"உள்ள சுடுது அத்தை."

"பொய் எழுதினா பேனா எழுதாது. நிஜம் இன்னா, சொல்லு. அதையே எழுதலாம்."

அவர் எழுதிக் கொடுத்தது இதுதான்: "மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு. என் உடல்நலம் நன்றாக உள்ளது. நேற்று பல்லக்கு ஊர்வலம் பார்த்துக் கால் வலிக்கிறது. பள்ளிக்கு வர மனமில்லை. ஒருநாள் விடுப்பு அளிக்க அனுமதி கோருகிறேன்."

லெட்டர் தயார். ஆனால் அதை யார் டீச்சரிடம் கொடுப்பது? லீவு கேட்டவள்தானே கொடுக்கவேண்டும்? குளித்து, யூனிஃபார்ம் போட்டு, பள்ளிக்கூடம் போய், டீச்சர் கையில் கொடுத்தாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்குள் மணி அடித்தது. தோழிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அனுமதி கிடைத்த லீவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் அன்று முழுநாளும் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அக்கா இப்போது எங்கள் சந்தில் இல்லை. தங்கை கூப்பிட்டார் என்று கோலார் பக்கம் போய்விட்டார். கிளம்பிய அன்று வீடு வீடாக வந்து, "போவ அனுமதி உண்டா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து அவர் அனுமதி இல்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

சரி, ஜன்னல் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு அப்பா காலத்து வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், பின்பக்கச் சுவரில். வெளிச்சம், காற்று, பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை எல்லாம் அது வழியாகத்தான் வரவேண்டும். அதன் மரச்சட்டத்தைக் கரையான் உள்ளுக்குள்ளேயே தின்று, வெளியே பெயிண்ட் மட்டும் மிச்சம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் ஒரு பக்கத்துக் கதவு கழன்று கட்டில்மேல் விழுந்தது. மகள் தலை வைத்துப் படுக்கும் இடத்தில். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள், நல்லவேளை. அன்றே ஃபிட்டரைப் பார்த்து, புது ஜன்னல் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் பின்வீட்டு ஸார் வந்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டைப் புதிதாக வாங்கியவர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். அதை இடித்து மூன்று மாடி எழுப்பப் போவதாகப் பேச்சு. ஹாலோ பிளாக் கல் லோடு லோடாக வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே அடுக்கியாயிற்று. எங்கள் சுவருக்கு ஒட்டினாற்போல் தன் சுவரைக் கொண்டுவர அவருக்கு ஆசை. நடுவில் எங்கள் ஜன்னல்தான் கண்ணை உறுத்திக்கொண்டு இருந்தது.

"ஏன்ப்பா, ஜன்னல் கழட்றியாமே? பர்மிஷன் இருக்கா, இல்வா?"

"ஜன்னலுக்கா ஸார்? பழசை எடுத்துட்டு புதுசு வெக்கிறேன், அவ்ளோதான்."

"நோடு, இங்க பாரு, ஒரு தடவை கழட்டினா அது ஜன்னல் இல்ல, வெறும் ஓட்டை. பர்மிஷன் இல்லாத ஓட்டைன்னு ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் குடுப்பேன். அடைக்க வெப்பேன். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

அவர் போனபிறகு என் மனைவி என்னைப் பார்த்தாள். "அந்த ஜன்னலும் போச்சுன்னா இது வீடா? தீப்பெட்டி. நாம உள்ள குச்சி மாதிரி படுத்துகினு இருக்க வேண்டியதுதான்." கழற்றினால் அவர் அடைப்பார். கழற்றாவிட்டால் மகள்மேல் விழும்.

அக்காவிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அதே எடம், அதே அளவா தம்பி?"

"ஆமாங்கா."

"நிஜமா?"

"நிஜமாங்கா."

இருந்தும் நம்பாமல் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, கட்டில்மேல் ஏறி அவரே அளந்தார். அகலம் மூன்றேகால் அடி, உயரம் நான்கு அடி. மறுநாள் அவர் எழுதிய அர்ஜியோடு இருவரும் வார்டு ஆபீசுக்குப் போனோம்.

இஞ்சினியர் ஸார் வயதில் சின்னவர், நல்ல மாதிரி. அர்ஜியைப் பார்த்துச் சிரித்தார். தமிழ் தெரிந்தவர். "அம்மா, அதே ஜாகால அதே அளவுல ஜன்னல் மாத்தறதுக்கு எவனும் பர்மிஷன் கேக்கமாட்டான். வேண்டாம். போய் மாத்துங்க."

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அக்கா திரும்பவில்லை.

"வேண்டாம்னு எழுதிக் குடுங்க ஸார்."

"வேண்டாததை எப்படிம்மா எழுதறது?"

"வேண்டாம்னுதான் ஸார்."

"வேணும்னா ஃபாரம் இருக்கு. வேண்டாம்னு சொல்றதுக்கு ஃபாரமே இல்லியே!"

"இல்லைன்றதையாவது எழுதுங்களேன்."

இஞ்சினியர் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அக்கா நின்றுகொண்டே இருந்தார். எனக்கு எங்கள் சந்து மாடு ஞாபகம் வந்தது. கடைசியில் அவர், "எனக்கு சைட் விசிட் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

அக்கா அசரவில்லை. பியூனிடம், "பெஞ்சுல உக்கார அனுமதி உண்டா?" என்று கேட்டு உட்கார்ந்து, புதிதாக ஒரு தாளை எடுத்துக் கன்னடத்தில் எழுத ஆரம்பித்தார். தமிழில் எனக்குப் படித்துச் சொன்னார். "மான்யரே, அதே இடத்தில் அதே அளவில் என் ஜன்னலை மாற்ற அனுமதி தேவையில்லை என்று இன்று தாங்கள் நேரில் சொன்னதற்கு நன்றி. ஏழு நாளுக்குள் மறுப்பு எதுவும் எழுத்தில் வராவிட்டால் வேலையைத் தொடங்குகிறேன்." கீழே ஜன்னலின் அளவு. அதற்குக் கீழே என் கையெழுத்து.

அதை இரண்டு பிரதி எடுத்துத் தபால் வாங்கும் கவுண்டரில் கொடுத்தார். அங்கே இருந்த அம்மா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொன்றில் "பெறப்பட்டது" என்று சீல் குத்தித் திருப்பிக் கொடுத்தார். நல்ல வட்ட சீல். ஊதா மை. நம்பர், தேதி எல்லாம் இருந்தது. பிள்ளைகளே, அந்த சீலுக்கு அர்த்தம், இந்தக் காகிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தது என்பது மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் அதே சீலைத்தான் குத்துவார்கள்.

அக்கா அதை லாமினேட் செய்து எங்கள் வாசலில் ஆணியில் மாட்டிவிட்டார்.

சாயங்காலம் பின்வீட்டு ஸார் வந்தார். தூரத்திலிருந்தே சீலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஓ. வாங்கிட்டீங்களா."

"கிட்ட வந்து படிச்சுப் பாருங்க ஸார்" என்றார் அக்கா. "தாராளமா படிக்கலாம்."

"சீல்தான் இருக்கே. இன்னும் இன்னா படிக்கிறது?" அவர் விறுவிறு என்று போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, அவரு இதைப் பர்மிஷன்னு நெனச்சிகினாரு."

"நான் சொன்னேனா?"

"சொல்லல."

"படிக்கச் சொன்னேனா, இல்லியா?"

"சொன்னீங்க."

"பின்ன?"

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். இது சரியா தப்பா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் பின்வீட்டு ஸார் தப்பாக நினைத்துக்கொண்டு போனதை ஓடிப்போய்த் திருத்தவும் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஏழு நாள் போயிற்று. ஆபீசிலிருந்து ஒரு வரி வரவில்லை. எட்டாம் நாள் ஃபிட்டர் வந்தார். பழைய சட்டத்தைப் பிடித்து இழுத்ததும் அது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. கூடவே பக்கத்துச் சுவரும் கொஞ்சம் பெயர்ந்து விழுந்து ஓட்டை பெரிதாயிற்று.

"கவலைப்படாதண்ணா" என்றார் ஃபிட்டர். "மூணு இஞ்ச் அகலம் ஜாஸ்தியா ஒரு ஜன்னல் ரெடியா கீது. வேற ஒருத்தர் ஆர்டர் குடுத்துட்டு வரல. உங்களுக்கே வெச்சுடறேன். இன்னும் நல்லா காத்து வரும்."

எனக்கும் மனைவிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சுண்ணாம்புத் தூசிக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா டேப்போடு வந்தார்.

"வேணாம் தம்பி. அர்ஜில மூணேகால்னு எழுதிருக்கோம்."

"மூணு இஞ்ச் யாருக்குக்கா தெரியப்போவுது?" என்றேன் நான்.

"எழுதின எனக்குத் தெரியும். மூணு இஞ்சை அடைச்சுட்டு மூணேகால் அடி ஜன்னல் வெய்யி."

"விட்டுடுங்கக்கா, அதிஷ்டமா வந்துது" என்றாள் என் மனைவி.

"கண்ணு, நீ கேட்டதைத்தான் நீ எடுத்துக்க முடியும். கேக்காததை எடுத்தா பின்வீட்டு ஸார் சொன்ன மாதிரி இது ஓட்டைதான்."

ஃபிட்டர் முணுமுணுத்துக்கொண்டு பெரிய ஜன்னலைத் தூக்கிக்கொண்டு போனார். கொத்தனார் வந்து மூன்று இஞ்சுக்குக் கல் வைத்துப் பூசினார். சரியான அளவு ஜன்னல் வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். தூறல் வேறு. கொசு வேறு. நான் அக்காவோடு பேசவில்லை. என் மனைவி அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மட்டும் தினமும் காலையில் வந்து, "தார்ப்பாய் கட்டு சரியா கீதா, பாக்க அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாங்கள் தலையை மட்டும் ஆட்டுவோம்.

ஜன்னல் வைத்த மூன்றாம் நாள் பின்வீட்டு ஸாரின் மேஸ்திரி எங்கள் வாசலில் பீடி பற்றவைக்க நின்றவர், பொழுது போகாமல் லாமினேஷனைப் படித்துவிட்டார். போய் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே கம்ப்ளைன்ட். அதற்கு அடுத்த நாள் அதே இஞ்சினியர் ஸார் டேப்போடு வாசலில் வந்து நின்றார். பின்னால் பின்வீட்டு ஸார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தோடு.

"ஸார், இது பர்மிஷனே இல்ல! சும்னே ஒரு சீல் வாங்கி மாட்டி ஏமாத்தறாங்க. ஓட்டையைப் பெருசாக்கிட்டாங்க. புதுசா பூசின சிமெண்ட் தனியா தெரியுது, நீங்களே பாருங்க!"

இஞ்சினியர் முதலில் டேப்பை வைத்தார். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் அகலத்தை இரண்டு தடவை அளந்தார். மூன்றேகால். உயரம் நான்கு. பிறகு லாமினேஷனை ஆணியிலிருந்து எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு."

"பர்மிஷன் ஸார்? பர்மிஷன்?"

"வேண்டாம்னு சொன்னது நான்தான். இதோ எழுதியே வெச்சிருக்காங்களே." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் வாயால சொன்னதை இப்படிக் காகிதத்துல ஏத்திட்டியே?"

"தப்பா ஏத்திட்டேனா ஸார்? பேனா தரேன், திருத்திக் குடுங்க."

"வேணாம்மா, வேணாம்." அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஸார், இன்னொண்ணு கேக்க அனுமதி உண்டா?"

அவர் பெருமூச்சு விட்டார். "கேளும்மா."

"ஜன்னல் மாத்த பர்மிஷன் வேணாம், புரிஞ்சுது. மூணு மாடி எழுப்பினா வேணுமா, வேணாமா? பின்வீட்டு ஸார் பாவம், தெரியாம கல்லெல்லாம் எறக்கிட்டாரு. அவருக்கும் சொல்லிட்டுப் போனீங்கன்னா புண்ணியமா இருக்கும்."

இஞ்சினியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அடுக்கி வைத்த கல், அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளம் எல்லாம் எங்கள் சுவருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. மெதுவாகத் திரும்பினார்.

"பிளான் சாங்ஷன் எங்க ஸார்?"

கல்யாண மாப்பிள்ளை முகம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வேலை நின்றது. அவர் ஒரு வாரம் ஆபீசுக்கு அலைந்தார். படம் வரைந்து கொடுக்க ஆள் கிடைத்தது. ஆனால் படத்துக்கு மேலே வைக்கும் அர்ஜியை எத்தனை தடவை கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் இஞ்சினியரே, "உங்க முன்வீட்டு அம்மா எழுதற மாதிரி எழுதிக்கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருமல் சத்தம். பின்வீட்டு ஸார் பள்ளத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுப்பா."

அக்கா எங்கள் அறைக்குள் நின்று, கம்பி வழியாகவே எல்லாம் கேட்டுக்கொண்டார். கட்டில்மேல் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்துத் தாளைக் கம்பிக்கு நடுவில் நீட்டினார். இந்தத் தடவை அவர் படிக்கச் சொல்லவில்லை. பின்வீட்டு ஸார் தானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நானும் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நடுவில் நிறுத்தினார். "முன்வீட்டு ஜன்னல் பக்கம்... மூணு அடி... காலியா விட்டு..."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ரெண்டு போட்டுக்கலாமா அக்கா?"

"எனக்கு இன்னா ஸார். நான் எழுதறவதானே. ஆபீஸ்ல போய் ரெண்டு அடிக்கு அனுமதி உண்டான்னு கேட்டுட்டு வாங்க, மாத்தி எழுதிடறேன்."

அவர் பள்ளத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். எங்கள் மூன்றேகால் அடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாடியும் எழுந்துவிட்டது. என் மகள் கல்லூரிக்குப் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஜன்னல் வழியாகக் கையை முழுவதும் வெளியே நீட்டினாலும் அந்தச் சுவர் அவளுக்கு இன்னும் எட்டுவதில்லை.